ஈப்பிடிப்பானுக்குக் காத்திருந்தவர்

மாலையில் மகன் பிரணவை ஊஞ்சலில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே, காதில் மாட்டிய இயர்போனில் ஆபீஸ் மீட்டிங்கையும் கேட்பது ஸ்ரீவித்யாவுக்குப் பழகிப்போன வேலை. சிட்லபாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு எதிரிலேயே பார்க். முன்பகுதியில் ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை. பின்பகுதியை யாரும் கவனிப்பதில்லை. பழைய மாமரங்களும் ஒரு பூவரசும் கிளை பின்னி நிற்க, அடியில் புதர் மண்டிக் கிடக்கும். பகலிலும் அங்கே வெயில் இறங்காது.

அந்த வாரம் முழுக்க அவள் போனில் ஒரே செய்திதான் சுற்றி வந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஒன்று தாம்பரம் பக்கம் இறங்கியிருக்கிறதாம். கூடவே ஒரு பெண் அழும் ஆடியோ. எந்த ஊர், எந்த நாள், எந்தப் பிள்ளை என்று அதில் ஒன்றுமில்லை, அழுகை மட்டும்தான். அதைப் பள்ளித் தாய்மார்கள் குழுவில் ஒருத்தி போட்டாள். ஆபீஸ் தோழி அனுப்பினாள். சேலையூரில் இருக்கும் அக்கா சின்மயியும் அனுப்பினாள். ஒவ்வொரு முறை வந்தபோதும் ஸ்ரீவித்யா கடைசி வரை கேட்டாள். அதற்குப் பிறகு வாசல் தாழ்ப்பாளை எத்தனை முறை இழுத்துப் பார்த்தாலும் மனம் அடங்கவில்லை. பிரணவ் பக்கத்து அறையில் சத்தமில்லாமல் விளையாடினால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டது. இயர்போனைக் கழற்றியபோது பூவரசு நிழலில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். குறுந்தாடி, பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர். கையில் இருந்த போனின் நுனியில் ஏதோ சின்ன மைக் மாட்டியிருந்தது. அவர் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் பேச்சு அவள் காதில் விழுந்தது.

"சின்னதுதான். தனியாத்தான் வருது. ரெண்டு மூணு நாளா பாத்துட்டிருக்கேன், சாயந்திரமானா இந்தப் பக்கம் வந்துடுது. இல்ல, இன்னிக்கு முடியாது, ஆளுங்க இருக்காங்க. கிட்டப் போனா பயந்துடும். நாளைக்கு எப்படியும் பிடிச்சிடுவேன்."

ஸ்ரீவித்யாவின் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்த ஊஞ்சல் முழங்காலில் இடித்தது கூட உறைக்கவில்லை. அவர் குழந்தைகள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நின்றிருந்ததையும் அவள் யோசிக்கவில்லை. அவர் லேசாகத் திரும்பிய நேரம் ஒரு போட்டோ எடுத்தாள். பிரணவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பார்க் வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினாள்.

லிஃப்டுக்குள்ளேயே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, எழுதினாள். பார்க்கில் சந்தேகப்படும்படி ஒரு ஆள் நிற்கிறான், சின்னது, தனியாக வருகிறது, நாளைக்குப் பிடித்துவிடுவேன் என்று போனில் சொன்னதைத் தன் காதால் கேட்டேன், பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள் என்று. அனுப்பியதும் படபடப்பு கொஞ்சம் தணிந்தது. தன் பயத்தை இத்தனை வீடுகள் பங்கு போட்டுக்கொண்டதில் வந்த ஆறுதல் அது.

வேலை முடிந்து வந்த கணவன் ஜெயகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஆளிடம் யாராவது பேசினார்களா, போலீஸுக்குச் சொன்னார்களா என்று விசாரித்தான். அதையெல்லாம் செக்ரட்டரி பார்த்துக்கொள்வார் என்றாள் ஸ்ரீவித்யா. குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி ஸ்ரீநிவாசராகவன் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொறுப்பான மனிதர் என்று பெயர். அந்தப் பொறுப்பில் அவரும் செய்தியை அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களின் குழுவுக்கெல்லாம் உடனே அனுப்பிவிட்டிருந்தார்.

பூவரசு நிழலில் நின்ற அந்த மனிதரின் பெயர் அக்தர். பல்லாவரத்தில் தோல் பைகள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வீடு பொழிச்சலூரில். மனைவி பரிதா, ஒரே மகள் கைனாத். ஏழு வயதான கைனாத்துக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் பயந்தால் அதுவும் வராது. பார்க்குக்குப் பின் தெருவில் திரிபுரசுந்தரி என்ற பேச்சுப் பயிற்சியாளர் இருந்தார். வேலை முடிந்ததும் மகளை பைக்கில் அழைத்து வந்து அவரிடம் விட்டுவிட்டு, பயிற்சி முடிகிற வரை அக்தர் இந்த மரத்தடியில் காத்திருப்பார்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் அந்தப் பறவையைப் பார்த்தார். சிட்டுக்குருவியை விடச் சின்னது. பழுப்பு முதுகு, தொண்டையில் மட்டும் ஆரஞ்சுத் தீற்றல். கிளையில் உட்கார்ந்து வாலைப் படக்கென்று தூக்கும், அப்போது வாலின் இரண்டு பக்கமும் வெள்ளை தெரியும். குளிர்காலத்தில் இங்கே வந்து போகும் செம்மார்பு ஈப்பிடிப்பான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அது கூப்பிட்டது. செம்மார்பு ஈப்பிடிப்பானின் கிறுகிறுப்பில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். இது தோல் பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி இருந்தது. அத்தனை வேகம். அதே சாயலில் சைபீரியப் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் இன்னொரு ஈப்பிடிப்பான் உண்டு. டைகா ஈப்பிடிப்பான் என்பார்கள். நம் பக்கம் அது தென்படுவது அபூர்வம்.

அபூர்வம் என்பதாலேயே அக்தர் அவசரப்படவில்லை. செம்மார்பு ஈப்பிடிப்பானுக்குக் கீழலகின் அடிப்பகுதி வெளிறியிருக்கும், டைகாவுக்கு அலகு முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்துவிட்டார். குரலைப் போனில் பதிவு செய்துவிட்டார். ஒன்றுதான் பாக்கி. வால் முளைக்கும் இடத்துக்கு மேல் இருக்கிற இறகுகள் வாலை விடக் கன்னங்கரேலென்று இருந்தால்தான் அது டைகா. அது மட்டும் வெளிச்சத்தில் சரியாகச் சிக்கவில்லை. இதைத்தான் பறவை பார்க்கும் நண்பர் முனீரிடம் போனில் சொன்னார். சின்னது, தனியாக வருகிறது, நாளைக்குப் பிடித்துவிடுவேன் என்று. அந்த அடையாளத்தைக் கண்ணால் பிடிப்பதைச் சொன்னார். ஸ்ரீவித்யா கேட்டது அந்தப் பேச்சில் பாதி.

மறுநாள் மாலை அக்கா சின்மயியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உங்க பக்கம்தான் போல, பிரணவைப் பத்திரமா பாத்துக்கோ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு படம். ஸ்ரீவித்யா படத்தைப் பெரிதாக்கினாள். பச்சைச் சட்டை, பைனாகுலர். ஓரத்தில் பெஞ்சின் மேல் பிரணவின் சிவப்புத் தண்ணீர் பாட்டில். அவள் எடுத்த படமேதான். ஆனால் அதோடு இருந்த வார்த்தைகள் அவளுடையவை அல்ல. மேடவாக்கத்தில் இரண்டு குழந்தைகளைத் தூக்கியவன் இவன், மயக்க ஊசி வைத்திருக்கிறான், போலீஸில் கொடுத்தால் தப்பித்துவிடுவான், கண்ட இடத்தில் நீங்களே கவனியுங்கள்.

 நேற்று இந்த நேரத்தில் இந்த மனிதர் மரத்தடியில் நின்று போன் பேசியதைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. மேடவாக்கம் எங்கிருந்து வந்தது? ஊசி எங்கிருந்து வந்தது? நீங்களே கவனியுங்கள் என்று எழுதின கை எது? படத்தை எடுத்த கை மட்டும் எதுவென்று அவளுக்குத் தெரியும். நேற்று அந்த ஆளை நினைத்து நடுங்கினாள். இப்போது அந்த ஆளுக்காக நடுங்கினாள். இன்றைக்கு அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பால்கனிக்கு ஓடினாள். எதிரே பார்க்கின் உள்ளே கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவிலிருந்து ஒரு குழந்தையின் வீறல்.

அன்று பயிற்சி சீக்கிரம் முடிந்திருந்தது. பறவையைக் காட்டுகிறேன் வா என்று அக்தர் மகளைப் பூவரசடிக்கு அழைத்து வந்தார். ஈப்பிடிப்பான் வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. ஜிப் இழுத்தது போலக் கூப்பிட்டது. அவர் மண்டியிட்டு மகளின் கண்ணில் பைனாகுலரை வைத்துப் பிடித்தார். பறவை முதுகைக் காட்டித் திரும்பியது. வெளிச்சமும் சரியாக விழுந்தது. அவர் தலையை நிமிர்த்துவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னா மேன், யார் வூட்டுக் கொழந்த இது?"

தன் மகள் என்று அக்தர் சிரித்தபடிதான் சொன்னார். கேட்டவன் சிரிக்கவில்லை. போனில் இருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நடை பழக வந்தவர்கள், கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று ஆள் சேர்ந்துவிட்டது. யாரோ பெயரைக் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் கூட்டத்தின் முகம் இன்னும் இறுகியது. ஒருவர் கைனாத்திடம் குனிந்து, இவன் உனக்கு யாரு பாப்பா என்று கேட்டார். கைனாத் வாயைத் திறந்தாள். "அ... அ..." என்றாள். அப்பாவை அவள் கூப்பிடும் அத்தா என்கிற சொல் முதல் எழுத்தைத் தாண்டி வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் வந்தது, சொல் வரவில்லை.

"கொழந்தைக்குப் பேச்சே வர்ல பாரு. ஊசி போட்டுட்டான்."

அதைச் சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. பூ விற்கும் பேபி குழந்தையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் வரையில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அக்தர் மகளை நோக்கிக் கை நீட்டினார். அந்த நேரம் முதல் அறை அவர் இடது காதில் விழுந்தது. அடித்தவர் விலை உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு தினமும் அங்கே நடக்க வருபவர். அதன் பிறகு யார் அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பைனாகுலரின் வாரைப் பின்னாலிருந்து முறுக்கினார்கள். மூச்சு முட்டியது. நாளைக்குப் பிடிச்சிடுவேன்னு போன்ல சொன்னது நீதானே என்று கேட்டார்கள். குருவி சார், குருவியைச் சொன்னேன் என்று அவர் கதறினார்.

"குருவியா? அப்ப கடத்தல்தான்டா," என்றான் ஒருவன். விமானத்தில் கள்ளச் சரக்கு கொண்டுவருகிறவனுக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். கீழே விழுந்த அக்தருக்கு ஒரு பக்கம் எல்லாச் சத்தமும் அடங்கிப்போய் ஒரே ரீங்காரமாகக் கேட்டது. மறு பக்கத்துக் காதில் மகளின் அழுகை. தான் செத்தால் இவளை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், விலாசம்கூட இவளால் சொல்ல முடியாதே என்பதுதான் அவருக்கு அப்போது வந்த ஒரே நினைப்பு.

பிரணவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்ரீவித்யா படியில் இறங்கி ஓடி வந்தாள். கூட்டத்தின் விளிம்பை அடைந்ததும் கால் நின்றுவிட்டது. இந்த முகங்களில் பாதியை அவளுக்குத் தெரியும். லிஃப்டில் சிரிக்கிறவர்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர்கள். இப்போது ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை. நான்தான் என்று சொன்னால் இவர்கள் என் மேல் திரும்பினால்? திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது பேபியின் பிடிக்குள் திமிறிக்கொண்டிருந்த கைனாத்தைப் பார்த்தாள். அந்தக் கை முழுக்க நீண்டிருந்தது, கீழே கிடந்த மனிதரை நோக்கி. தூக்கிக்கொண்டு போனவனிடம் எந்தக் குழந்தையும் அப்படிக் கை நீட்டாது.

இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து அக்தருக்கு முன்னால் நின்றாள். ஒரு கை அவள் தோளிலும் பட்டது.

"அந்த போட்டோ எடுத்தது நான். இந்தப் பார்க்லதான் எடுத்தேன். அவர் யாரையும் தூக்கல. மேடவாக்கம், ஊசி எல்லாம் பொய். நான் அதை எழுதல."

அப்படியானால் நேற்று எதற்காக அதைப் போட்டாள் என்று ஒருவர் கேட்டார். அவள் கைனாத்தின் முன்னால் போய் மண்டியிட்டாள். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அதுவரை அங்கே அந்தக் குழந்தைக்காக யாரும் காத்திருக்கவில்லை. கைனாத்தின் உதடு துடித்தது. அ என்றாள், மறுபடி அ என்றாள். கூட்டம் மெல்ல மெல்ல அமைதியானது.

"அ... அ... அத்தா."

பேபி பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடி வந்த திரிபுரசுந்தரி, இது அவர் பெற்ற பிள்ளை, என்னிடம்தான் பயிற்சிக்கு வருகிறாள் என்று அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னார். ரோந்து வண்டி வந்தபோது பார்க் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. ஷூக்காரரைக் காணவில்லை. மிச்சமிருந்தவர்களிடம் அடித்தது யார் என்று போலீஸ் கேட்டது. எல்லோருமே சும்மா பார்த்துக்கொண்டு நின்றவர்களாம்.

மறுநாள் ஸ்ரீவித்யா கணவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்தருக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. கேட்கும் திறன் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரிதா கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் முகம் புதைத்துக் கிடந்த கைனாத், அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

நண்பர் முனீரும் அங்கே இருந்தார். போனில் பதிவான குரலைக் கேட்டால் அது டைகாதான் என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. பறவை பார்ப்பவர்களின் பதிவில் ஏற்றிவிடலாம், உங்க பேர்ல வரட்டும் என்று அக்தரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு நல்ல சேதியாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்பது முனீரின் நினைப்பு. அக்தர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வால் மேல இருக்கிற கறுப்பை நான் பாக்கல. குரலும் அலகும் மட்டும் போதாது. பாக்காததை எப்படி எழுதறது?"

ஸ்ரீவித்யா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அக்தர் எந்தப் பக்கம் நின்று அவள் பேசுகிறாள் என்று காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிதாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு குருவிக்கே இவர் மூணு அடையாளம் கேக்கறாரும்மா. எங்க வூட்டுக்காரரைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணாவது கேட்டிருக்கலாம்."

ஸ்ரீவித்யா அங்கிருந்து கிளம்பினாள். வண்டியில் வரும் வழியில் தாம்பரம் சானடோரியம் தாண்டும்போது ஒன்றுதான் சொன்னாள், போலீஸ் ஸ்டேஷனில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று. நானும் கூட வரேன் என்றான் ஜெயகிருஷ்ணன்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பில் அவசரக் கூட்டம். போலீஸ் விசாரணை தொடங்கியிருந்ததால் எல்லோர் முகத்திலும் கலக்கம். பலர் செய்தியை அழித்துவிட்டிருந்தார்கள். சிலர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஸ்ரீவித்யா ஸ்டேஷனுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் செக்ரட்டரி ஸ்ரீநிவாசராகவன் அவளைத் தடுத்தார். 

"நீங்க வேணும்னு பண்ணலையேம்மா. பயத்துல பண்ணினேள். நாங்களும் பயத்துலதான் அனுப்பினோம். பயந்தது ஒரு குத்தமா? எல்லாரும் டெலிட் பண்ணிடுவோம், இதோட விட்டுடுவோம்."

ஸ்ரீவித்யா எழுந்து நின்றாள். 

"எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு சார். கேஸ் வருமோன்னு பயம், வேலை போயிடுமோன்னு பயம். பயப்படறது தப்பில்ல. அன்னிக்கு வாட்ச்மேனைக் கூட்டிட்டுப் போய், இங்க என்ன பாக்கறீங்கன்னு அவரையே கேட்டிருக்கலாம். கேக்கத் தைரியம் இல்லேன்னா போலீஸுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் ரெண்டும் பண்ணல. என் பயத்தை எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், நீங்க அடுத்தவங்களுக்கு அனுப்பினீங்க. கடைசியில அது ஒரு மனுஷன் காதுல போய் விழுந்துது. பயம் வந்தா கேக்கணும் சார். அனுப்பக் கூடாது."

  ஸ்ரீவித்யாவும் ஜெயகிருஷ்ணனும் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது மாடியில் குடியிருக்கும் அபிதகுஜாம்பாள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பவர். குழுவில் அதிகம் பேசாதவர்.

"அதை எங்க ஸ்கூல் குரூப்புக்கு நான்தான் அனுப்பினேன்," என்றார். "படிச்சுக்கூடப் பாக்கல. நானும் வரேன்."